தீர்மானப் புத்தகத்தில் அப்பாவின் கன்னடக் கையெழுத்து

பண்ணாரியைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் அவற்றை நான் தமிழில் எண்ணுவேன், பக்கத்தில் அஜ்ஜி, என் பாட்டி, கன்னடத்தில் எண்ணுவாள். இருபத்தேழும் இப்பத்தேளும் ஒன்றாக முடியும்போது காற்று சில்லென்று மாறியிருக்கும். அதற்கப்புறம் வருவதெல்லாம் எங்கள் பக்கம்.

ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி ஊராட்சி ஒன்றியம்தான் நான் சொல்வது. தலமலை, ஆசனூர், திகனாரை, மல்லன்குழி என்று மொத்தம் 10 கிராம ஊராட்சிகள். நான் வேலை பார்க்கும் கோபியில் ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே வீரப்பனைப் பற்றிக் கேட்பார்கள். 2000 ஜூலை 30 இரவு தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை அவன் கடத்தியபோது எனக்கு ஒன்பது வயது. அவர் பிறந்த ஊரே அதுதான், எங்களுக்கு அவர் சினிமாக்காரர் மட்டுமல்ல, பக்கத்து ஊர்க்காரர். அவர் விடுதலையாகும் வரை அந்த 108 நாட்களும் ஊரில் யாரும் சத்தமாகப் பேசியதாக நினைவில்லை. ஆனால் எங்கள் ஊர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு நோட்டுப் புத்தகம்: கிராமசபைத் தீர்மானப் புத்தகம்.

அதைச் சொல்வதற்கு முன் மொழியைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கன்னடம். பள்ளியில் எனக்குத் தமிழ், அப்பா படித்தது ஐந்தாவது வரை, அதுவும் கன்னட வழியில். 1956 நவம்பர் 1 அன்று கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது, நாங்கள் இங்கேயே இருந்தோம். அஜ்ஜி பிறந்தது கொள்ளேகால் பக்கம். "தூங்கி எழுந்தேன், என் அண்ணன் வீடு வேறு ராஜ்ஜியத்தில் இருந்தது" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குப் போனால் பேச்சு இன்னும் மாறும். தலமலை ஊராட்சியில் காளிதிம்பம், மாவநத்தம், பெஜலட்டி, இட்டரை, தடசலட்டி, ராமரணை என்று வனத்துக்குள் குடியிருப்புகள் உண்டு. அங்கே இருக்கும் ஊராளிப் பழங்குடிகளின் பேச்சு எங்கள் கன்னடமும் அல்ல, பாடப்புத்தகத் தமிழும் அல்ல. காது கொடுத்துக் கேட்டால் புரியும். ஆனால் யாராவது காது கொடுக்க வேண்டும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். 2003 ஆகஸ்ட் 15, எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு அப்பா என்னைக் கிராமசபைக்கு அழைத்துப் போனார். மரத்தடியில் ஜமுக்காளம். தீர்மானங்களைத் தமிழில் வாசித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "ஏனு ஹேளிதரு?" என்று கேட்டுக்கொண்டார்கள். என்ன சொன்னார் என்று தெரியாமலே கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். அப்பா எழுந்து, "என் மகள் தமிழ் படிப்பாள், அவள் படித்து எங்களுக்குச் சொல்லட்டும்" என்றார். கால் நடுங்கியது. 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பழுதுபார்த்தல்' என்பதுதான் முதல் வரி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "நீரின ட்யாங்கு ரிப்பேரி" என்றேன். உடனே ஒரு பாட்டி, "டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது, குழாய்தான் உடைந்திருக்கிறது" என்றார் கன்னடத்தில். கூட்டம் மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது. அன்று அந்தத் தீர்மானத்தை அடித்துவிட்டு, குழாய் என்று திருத்தி எழுதினார்கள். அந்த அடித்தல் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கிராமசபை செல்லுபடியாக வேண்டுமென்றால் ஆள் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்தக் கணக்குக்காக மட்டும் ஆட்களைக் கூட்டி உட்கார வைத்தால் அது சபை இல்லை. கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டினால் எங்கள் ஊரே தெரியும்: தமிழ்க் கையெழுத்து, அதன் கீழே அப்பாவின் உருண்டையான கன்னடம், நடுநடுவே நீல மையில் பெருவிரல் ரேகைகள். என்னைக் கேட்டால் தாளவாடி ஒன்றியத்தின் வரைபடம் அந்தப் பக்கம்தான். தீர்மானத்தைத் தமிழில் எழுதட்டும், அதில் குறையில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் கூட்டத்திலிருப்பவர்கள் பேசும் மொழியில் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மொழி வேறாக இருந்தாலும் ஒன்றாக இருக்க எங்களுக்குத் தெரியும். தீபாவளி முடிந்ததும் கும்டாபுரம் பீரேஸ்வரர் கோயிலில் சாணியடித் திருவிழா நடக்கும். கோரெ ஹப்பா என்போம். ஊர் மாட்டுச் சாணியெல்லாம் கோயில் பக்கம் மலையாகக் குவிந்திருக்கும், ஆண்கள் அதை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும். முடிந்தபின் அந்தச் சாணி எருவாக வயலுக்குப் போகும். ஊர் மண்ணுக்கு ஊர் சாணி.

அந்த மண்ணில் ராகியும் மக்காச்சோளமும் கதிர் பிடிக்கும்போது யானை வரும். 2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வந்தது, காடு பிழைக்கட்டும், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அப்பா அறுபது வயது தாண்டியும் ராத்திரி பரணில் படுக்கிறார். வயலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடைசிக் கம்பத்து விளக்கு எரிகிறதா இல்லையா என்பது எங்களுக்கு உயிர் விஷயம். இருட்டில் யானை கல்லைப் போல நிற்கும், பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அந்த விளக்குக்காகத்தான் உள்ளாட்சித் தேர்தலை இவ்வளவு நினைக்கிறேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் தேர்தல் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் ஊர் இருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது நான் லீவு போட்டு வந்து ஓட்டுப் போட்டேன். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று முந்தின இரவு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் தேர்தல் அது. எங்கள் வார்டில் ஜெயித்த அக்கா பின் தெருக்காரர், அவரும் ராகி போடுபவர். விளக்கு போனால் அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று கன்னடத்தில் ஒரு குரல் கொடுப்பார். மறுநாள் சாயங்காலத்துக்குள் பல்பு மாறியிருக்கும். அவருக்கும் அதே வழியில்தான் வயல்.

2025 ஜனவரி 5-இல் அவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். ஒரே அதிகாரி இத்தனை ஊராட்சிகளையும் பார்க்க வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், எங்கள் கடைசிக் கம்பம் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டு வாசலில் நின்று அம்மா குரல் கொடுக்க முடியாதே.

பிப்ரவரியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்த விளக்கு எரியவில்லை. அம்மா பழக்கத்தில் பின் தெருவுக்குப் போனார். அக்கா, "இப்ப என் கையில ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, தன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்பாவை வயல் வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

அன்று ராத்திரி மனு எழுதினேன். கம்பம் எங்கே இருக்கிறது, எத்தனை வீடுகள், எந்தப் பக்கத்திலிருந்து யானை வருகிறது, எல்லாம் தமிழில். எழுதி முடித்ததும் அப்பா, "வாசி" என்றார். வரிவரியாகக் கன்னடத்தில் சொன்னேன். "ஆறு வீடு இல்லை, ஏழு. காலனி முனையில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்களே" என்றார். திருத்தினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அந்த அக்கா தமிழில் போட்டார்.

"இரண்டு பிரதி எடு, ஒன்றில் வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போடச் சொல்" என்றார் அப்பா. காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினேன்.