ரெண்டு கிலோ கூடக் காட்டும் மெஷின்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் அறையில் இரண்டு எடை மெஷின்கள். பழையது முள் வைத்தது. யாரும் ஏறாதபோதே அதன் முள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கும். பக்கவாட்டுத் திருகைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம். பத்துப் பேர் ஏறி இறங்கியதும் பழைய இடத்துக்கே போய்விடும். "அது ரெண்டு கிலோ கூடக் காட்டும்" என்பது அறையில் கூட்டுகிற அக்கா வரைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் நோட்டில் எழுதும்போது யாரும் அதைக் கழித்து எழுதியதில்லை, நான் உள்பட. கண்ணாடி போட்ட டிஜிட்டல் மெஷின் பின்னால் வந்தது.

அந்த ரெண்டு கிலோதான் என்னை ஏமாற்றியது என்று கொஞ்சகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் மேல் பழி போடுவது சுலபம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். எடை போட்டுப் பிழைக்கிற சீமை. மஞ்சள் என்றால் குவிண்டால், நூல் என்றால் கோன் எத்தனை கிலோ, ஆடு என்றால் உயிர் எடையா கறி எடையா என்று பேச்சிலேயே தராசு ஆடும். கொப்பரை காயக் காய எடை இறங்கும். மூட்டைக்கு எவ்வளவு இறங்கும் என்பதைக் களத்துக்காரர்கள் கையில் ஒரு பருப்பை உடைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "காய்ச்சல் பத்தலீங்" என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு வந்த புதிதில் இந்த வார்த்தையில் நான் குழம்பியிருக்கிறேன். எங்கள் அறையில் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர்.

நான் சொல்லவருகிற ஐயா அப்படியொரு கொப்பரைக் களத்தில் கணக்குப் பார்த்தவர். 58 வயது. ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை தவறமாட்டார். நோட்டு அட்டையைப் பாலிதீன் பையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார். ஒரு மாசம் முள் மெஷினில் 68 அரை இருந்தார். அடுத்த முறை 66. நான் முகமெல்லாம் சிரிப்பாக, "ஐயா, சூப்பருங்க. இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றேன். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம்கூட அவரைக் காட்டி, பாருங்கள், வாயைக் கட்டினால் முடியும் என்று பேசினேன். அவருக்கும் பெருமை. "ராத்திரி ரெண்டு தோசையோட நிறுத்திக்கறனுங் கண்ணு" என்றார்.

அதற்கடுத்து டிஜிட்டல் மெஷினில் 63. பழைய மெஷின் ரெண்டு கிலோ கூடக் காட்டுமே, அதனால்தான் இந்த இறக்கம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடுத்த முறை 61.

இதில் என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அதே பக்கத்தில், அடுத்த கட்டத்திலேயே, என் கையெழுத்தில் இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 138, பிறகு 190, பிறகு 262. ஒருத்தர் வாயைக் கட்டி, நடந்து எடையைக் குறைத்தால் சர்க்கரை இறங்க வேண்டும். இவருக்கு எடை இறங்க இறங்கச் சர்க்கரை ஏறியது. இரண்டு வரிசையும் எதிரெதிர்த் திசையில் போவதைப் பார்த்தவள், "மாத்திரை சரியாப் போடறீங்களா? களத்துல டீக்குச் சர்க்கரை போட்டுக் குடிக்கறீங்களா?" என்று அவரைக் குடைந்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சர்க்கரை மருந்துகளிலேயே எடையைக் குறைப்பவை உண்டு என்பது இன்னொரு சிக்கல். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை மந்தமாக்கும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்; அதிலேயே ரெண்டு மூன்று கிலோ இறங்குவது சாதாரணம். எங்கள் அறையில் எடை குறைவதற்குக் காரணம் கைவசம் நிறைய இருக்கும். கையில் இருப்பதை எடுத்து ஒட்டவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடலாம்.

61 இருந்த அன்றைக்கு பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார். வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் சரிந்து போனது. அதை மேலே தள்ளிவிட்டு, "செயின் கண்ணி ரெண்டு எடுக்கோணுங்" என்றார். அப்போதுதான் எழுந்து வந்து நிதானமாகக் கேட்டேன். சட்டையைத் தூக்கி அருணாக்கயிற்றைக் காட்டினார். மூன்று முடிச்சு. ஒவ்வொரு தடவை இடுப்பிலிருந்து நழுவும்போதும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார். நான்கு மாசமாக என் நோட்டு சொல்லாததை அந்தக் கறுப்புக் கயிறு வரிசையாகக் குறித்து வைத்திருந்தது. ராத்திரியில் மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு வலி பாய்கிறது, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வெளிக்குப் போனால் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க நல்லா இருக்கறேன்னு சொன்னீங்ளே" என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய மெஷினின் ரெண்டு கிலோவைக் கழித்தாலும் 66 அரையிலிருந்து 61. அஞ்சரை கிலோ, நூற்றுக்கு எட்டுக்கும் மேல். ஆறு மாசம் முதல் ஒரு வருஷத்துக்குள், முயற்சி எதுவும் செய்யாமல், உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது படிக்கும்போதே மனப்பாடம் செய்த வரி. 60 கிலோ ஆளுக்கு மூன்று கிலோ. அவ்வளவுதான் கணக்கு. "முயற்சி செய்யாமல்" என்கிற வார்த்தையில்தான் நான் சறுக்கினேன். ரெண்டு தோசையோடு நிறுத்துவது அவர் முயற்சி என்று நினைத்தேன். அவருக்குப் பசியே இல்லை, மூன்றாவது தோசை இறங்கவில்லை என்பதைக் கேட்கவே இல்லை.

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கோயமுத்தூருக்கு அனுப்பினோம். ஆபரேஷனுக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து கூடவே எடை குறைந்தாலும், கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் எகிறி எடை குறைந்தாலும் கணையத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூன்று மாசம் முன்னாடி தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று தனியாகக் கேட்டேன். அந்த நோய் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவரும் என்றார். நான் கேட்டதற்கு அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. ஏழு மாசம் இருந்தார்.

அதற்குப் பிறகு எடை என்றால் எனக்கு வேறு கண். பழைய மெஷினை அறையை விட்டே வெளியேற்றினேன். நோட்டில் இந்த மாச எடைக்குப் பக்கத்தில் போன தடவை எடையையும் சிவப்பில் எழுதுகிறேன். வேலை கூடத்தான், ஆனால் இறக்கம் கண்ணில் அடிக்கும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு நிறையப் பேருக்கு மாத்திரை வீட்டுக்கே போய்விடுகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உபகாரம். ஆனால் மாத்திரை போகிற வீட்டுக்கெல்லாம் தராசு போவதில்லை. வீட்டுக்குப் போகும் அக்காமார்களிடம் ஒரே ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் என்றால், "ரவிக்கைய கடைசியா எப்பப் புடிச்சுத் தச்சீங்க?" ஆண்கள் என்றால் அருணாக்கயிறு. தன் எடை தெரியாத ஆள் உண்டு, தன் துணி தொளதொளத்தது தெரியாத ஆள் கிடையாது.

எடை குறைவதற்கு ஊரில் இரண்டு காரணங்கள்தான் புழக்கம். ஒன்று கண்ணு பட்டது, இன்னொன்று வெசனம். பல்லடம் பக்கத்து விசைத்தறியில் ஓட்டுகிற ஒரு பையன், 27 வயது, காலில் பட்ட காயத்துக்குக் கட்டுப்போட வந்தான். இருமிக்கொண்டே இருந்தான். "பஞ்சுத் தூசிங்க்கா, எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்றான். தறிக் குடோனில் எல்லோரும் இருமுவதால் அவன் இருமல் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. கூட வந்த அவன் சம்சாரம்தான், பொழுதோட காய்ச்சல் அடிக்கிறது, விடியக்காலையில் பனியன் பிழிகிற மாதிரி வேர்க்கிறது என்றாள். எடை 39. சளியில் காசநோய். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பார்க்க வேண்டும் என்பது சுவரில் ஒட்டியே இருக்கிறது, பஞ்சுத் தூசிக்கு விதிவிலக்கு எதுவும் அதில் இல்லை. அவன் அம்மா பயந்துபோய், "பெருந்துறைக்குக் கொண்டுட்டுப் போகோணுங்ளா?" என்று கேட்டார். பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்த காலத்துப் பயம் இன்னும் அந்தத் தலைமுறைக்குப் போகவில்லை. இப்போது பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலிருந்தே ஆறு மாச மாத்திரைதான். 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் முதல் நாளே எடையும் உயரமும் பார்த்து, மூச்சுத்திணறல் உண்டா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். சத்துணவுக்கென்று மாசம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. பையன் ஆறாவது மாசம் 47 கிலோவில் வந்து நின்றான். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அந்த எடை ஏறுவதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பனியன் கம்பெனிப் பெண் கதை சின்னது. மத்தவர்களைவிட ரெண்டு மடங்கு சாப்பிடுகிறாள், அப்படியும் உருகிக்கொண்டே போகிறாள். தோழிகளுக்குப் பொறாமை, அம்மாவுக்குச் செய்வினைச் சந்தேகம். அவள் சொன்னது ஒன்றுதான்: "ஓவர்லாக் ஊசியில நூல் கோக்க முடியலைங்க்கா, கை நடுங்குது." கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தேன், தாள் படபடத்தது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 118. தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது. மாத்திரையில் சரியாயிற்று. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டும் சர்க்கரையும், சாப்பாடே இறங்காமல் இளைத்தால் வயிறு, உணவுக்குழாய், மனசு, பல் என்று நான் முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். முழுக்கச் சரியான பிரிவு இல்லைதான், ஆனால் கூட்டமான திங்கட்கிழமையில் எங்கே தொடங்குவது என்று இது வழி காட்டும். எல்லாப் பரிசோதனையும் செய்து காரணம் பிடிபடாதவர்களும் உண்டு, நான்கில் ஒருவர் வரைக்கும்கூட. அவர்களை "ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்பக்கூடாது; சில மாசம் விடாமல் வரச்சொல்லி எடை பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். விசேஷ வீடுகளில் ஒறம்பரைக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங், இளைச்சாப்ல இருக்கறீங்களே?" என்று கேட்பது எனக்கு வெகுநாள் எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரிகிறது. கூடவே இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியே மாறிவிட்டது. "சூப்பரா இளைச்சிருக்கீங்க, என்ன டயட்?" என்கிறார்கள். நான் அந்த ஐயாவிடம் சொன்னது போலவே.

அந்த ஐயாவின் சம்சாரம், நாங்கள் ஆத்தா என்று கூப்பிடுகிறவர், பிரஷர் மாத்திரைக்கு எங்களிடம்தான் வருகிறார். ஐயா இறந்து நான்கு மாசம் கழித்து வந்தபோது எடை 52-லிருந்து 47-க்கு வந்திருந்தது. வெசனம் என்று ஊரே சொல்லும். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனாலும் விடவில்லை. ரத்தம், சர்க்கரை, தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தோம். எல்லாம் சுத்தம். அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்ப்பல் செட்டு ஈறில் புண்ணாக்கியிருந்தது. அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு மாசக்கணக்கில் டீயும் வர்க்கியும் நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "ஒருத்திக்குன்னு அடுப்பு மூட்டறதுக்குச் சலிப்பா இருக்குதுங் கண்ணு" என்றார். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி, "பட்டியில ஆடு ஒண்ணு இளைச்சா அன்னிக்கே வண்டி புடிச்சு டாக்டர்கிட்ட ஓடுவாரு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டருக்குச் சீட்டு எழுதினேன். பக்கத்துத் தோட்டத்து மருமகளைப் பிடித்து, ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது ஆத்தாவுக்கு அரிசிம்பருப்புச் சாதம் குழைவாகக் கொடுத்தனுப்பச் சொன்னேன். பால் மாடு இருக்கிற வீடு, அவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை.

அடுத்த மாசம் ஆத்தா வந்தார். நான் சொல்லும் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி, சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். 49.3. எனக்கு வாய்வரைக்கும் பாராட்டு வந்துவிட்டது. அதற்குள் இடுப்பைப் பார்த்தேன். மடி புடைத்திருந்தது.

"மடியில என்னங் ஆத்தா?"

"ஒண்ணுமில்லீங் கண்ணு."

சாவிக்கொத்து, சில்லறை முடிச்சு, செல்போன், வெற்றிலைப்பை, கூடவே எனக்கென்று தோட்டத்தில் பறித்த எலுமிச்சம்பழம் ஆறு. எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி ஏறச்சொன்னேன். 48.1. சிவப்பில் 47, பக்கத்தில் நீலத்தில் 48.1 என்று எழுதினேன். ஆத்தா எட்டிப் பார்த்து, "எலுமிச்சங்காயையாச்சும் சேர்த்துக்கலாமல்லோ" என்றார்.