காத்திருந்த ஒர்க்கர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய நிறுவனத்தில், கிளைகள் சரக்கு அனுப்பும் விவரங்களைப் பதிவுசெய்யும் செயலி ஒன்று என் பொறுப்பில் இருந்தது; அது பைத்தான் மொழிக்கான ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பில் எழுதப்பட்டது. காலையில் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் அன்றைய பட்டியலைத் திறக்கும்போது பக்கம் நகராது. கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல் ஓட்டங்களான ஒர்க்கர்களை நிர்வகிக்கும் சர்வர் மென்பொருளான குனிகார்ன், 30 நொடி என்ற இயல்பான கெடுவைத் தாண்டிய ஒர்க்கரை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்கும். பயனர் அதே பக்கத்தை மீண்டும் திறப்பார். நெரிசல் இன்னும் கூடும்.

பைத்தான் மெதுவான மொழி என்று பலரும் சொல்லக் கேட்டிருந்ததால் பழியை முதலில் அதன்மேல் போட்டேன். நான்கு சிபியு கோர் கொண்ட 3 சர்வர்களில் தலா 9 ஒர்க்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன (கோர்களின் இருமடங்குடன் ஒன்று என்பது குனிகார்ன் ஆவணம் தரும் தொடக்கக் கணக்கு). நான் அவற்றைத் தலா 36 ஆக்கினேன். மறுநாள் 108 ஒர்க்கர்களும் ஒருசேரக் கதவைத் தட்ட, 100 இணைப்புகள் என்ற இயல்பு வரம்பிலேயே விடப்பட்டிருந்த எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்பியது. அதுவரை தாமதமாகவேனும் திறந்த பக்கம் அன்று சிலருக்குத் திறக்கவே இல்லை.

“சிபியு எவ்வளவு ஓடுதுன்னு பார்த்தீங்களா?” என்று மூத்த பொறியாளர் ஒருவர் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. செயலி சர்வர்கள் பெரும்பாலும் சும்மா இருந்தன; தரவுத்தள சர்வர்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

உண்மைத் தரவின் நகலைச் சோதனைச் சர்வரில் ஏற்றி, ஒரு பக்கம் தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் டீபக் டூல்பாரைத் திறந்தபோது வெட்கமாக இருந்தது. 50 வரிகள் கொண்ட அந்தப் பக்கம் தரவுத்தளத்துக்கு 101 வினவல்களை அனுப்பியது: பட்டியலுக்கு ஒன்று, பின்னர் ஒவ்வொரு வரிக்கும் வாடிக்கையாளர் பெயருக்கு ஒன்று, வண்டி எண்ணுக்கு ஒன்று. பக்கத்தின் வடிவத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளி வைத்து அடுத்த அட்டவணையின் பெயரை எழுதுவது அத்தனை எளிதாக இருப்பதால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு வினவல் இருப்பது கண்ணில் படுவதில்லை. என் மடிக்கணினியில் பத்து வரிகளும் அதே கணினியில் தரவுத்தளமும் இருந்ததால் இது ஒருபோதும் தெரிந்ததில்லை. தொடர்புள்ள அட்டவணைகளையும் சேர்த்தே எடுத்துவரும் செலக்ட் ரிலேட்டட் என்ற ஓர் அழைப்பைச் சேர்த்ததும் 101 வினவல்கள் ஒன்றாயின.

எஞ்சிய அந்த ஒரு வினவலும் முழு அட்டவணையையும் துழாவியது, வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையில் தெரிந்தது. வேண்டிய வரிகளை நேரே கண்டெடுக்க, கிளை, தேதி இரண்டுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் போட்டேன். விடைகளை நினைவகத் தரவுக்கிடங்கான ரெடிஸில் கேஷ் செய்து, சிறிது நேரம் அதையே காட்டிவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சரக்கு நிலையைப் பழையதாகக் காட்டுவதைவிடத் தாமதமே மேல் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒர்க்கர்களை மீண்டும் தலா 9 ஆகக் குறைத்தேன். காலை நெரிசலுக்கு அதுவே போதுமாயிற்று.

அந்தப் பக்கம் ஒரு வினவலுக்கு மேல் அனுப்பினால் தோற்கும்படி ஒரு சோதனையும் எழுதிவைத்தேன். சில மாதங்கள் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவர் ஓட்டுநர் பெயருக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தபோது அது தோற்றது. சோதனையில் ஏதோ கோளாறு என்று எண்ணி அவர் என்னிடம் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, டூல்பாரைத் திறந்து காட்டினேன்.