காசிமேட்டு மாலை வகுப்புக்கு நினைவு நிதி கிடைத்த விதம்

மறைந்த ஒருவரின் பெயரில் இருக்கும் நிதியிலிருந்து எங்கள் டிரஸ்டுக்குப் பணம் வந்ததும், வடசென்னையில் சேவை செய்யும் பலரும் கேட்ட கேள்வி, "உள்ளே யாரையாவது தெரியுமா?" என்பதுதான். யாரையும் தெரியாது. விண்ணப்பம் போட்டோம், கேள்விகளுக்குப் பதில் சொன்னோம். அதை எழுதி வைத்தால் அடுத்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு உதவும்.

காசிமேட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது. மாதாமாதம் ஐம்பது, நூறு என்று எங்களுக்குக் கொடுக்கிற குடும்பங்களாலும் அப்போது கொடுக்க முடியாது. பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்களின் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். பள்ளி திறக்கிற நேரத்தில் பார்த்தால், நல்லா சொல்லிக்கொடுக்கிறவர் ஏதாவது துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். எங்களுக்குப் பணம் தேவைப்பட்டது இதற்குத்தான்.

நிதியை நிர்வகித்தது ஒரு சமூக அறக்கட்டளை. பலர் கொடுக்கும் பணத்தை முதலாக வைத்து, அதன் வருமானத்தை உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இந்த முறையை 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கினார். உயில் எழுதியவர் போய்விடுவார், காலமும் மாறிவிடும், ஆனால் அவர் போட்ட நிபந்தனை பணத்தைக் கட்டிப்போட்டபடியே இருக்கும் என்பது அவருடைய கவலை. நம் ஊரிலேயே பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். அவர் விட்டுப்போன பணம் வருஷக்கணக்கில் வழக்கில் கிடந்து, கோயில் தர்மங்கள் போக மிஞ்சியதில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல்தான். அதனால் முதலில் அந்த நிதியின் நோக்கத்தைத்தான் வரி வரியாகப் படித்தேன். "ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு" என்று இருந்தது. படிப்பு என்றால் சொல்லிக்கொடுக்கிறவரும் அதில் அடக்கம்தானே?

காகித வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான டிரஸ்ட் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவு, மூன்று வருட ஆடிட் கணக்கு, இவ்வளவுதான் கேட்டார்கள். நாங்கள் இந்த வரிப் பதிவைச் செய்தபோது 10ஏ படிவம் போட்டதும் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவுதான் கிடைத்தது. அது முடியும்வரை காத்திருக்காமல், குறித்த தேதிக்குள்ளேயே அடுத்த பதிவுக்கான 10ஏபி படிவத்தைப் போட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல டிரஸ்டுகள் சில இந்தத் தேதியைத் தவறவிட்டே வாய்ப்பை இழந்திருக்கின்றன, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆடிட்டரிடம் தேதியைக் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பட்ஜெட்டில்தான் எல்லோரும் என்னைத் தடுத்தார்கள். "சம்பளம் என்று போட்டால் தர மாட்டார்கள், நோட்டு, பை, பெஞ்ச் என்று போடுங்கள்" என்றார்கள். எங்கள் பிள்ளைகளிடம் பை இருக்கிறது. அதனால் சம்பளத்தையே முதல் வரியில் போட்டு, தடைக்காலத்தில் என்ன ஆகிறது என்று அதன் கீழே நாலு வரி எழுதினேன். மறைந்த பெரியவரைப் புகழ்ந்து எதுவும் எழுதவில்லை. அவரை எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதுவது அவருக்கு மரியாதையும் இல்லை.

அப்புறம் அறக்கட்டளையின் குழு நேரில் வந்தது. பெரியவரின் மகளும் வந்திருந்தார். பிள்ளைகள் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்: "பை கொடுத்தா அதுல அப்பா பேரு இருக்கும். சம்பளத்துல அப்பா பேர எங்க போடுவீங்க?"

நியாயமான கேள்வி. அப்பாவை இழந்த எந்த மகளும் கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் எங்கள் கணக்கு டீச்சர் பேசினாள். அவளும் இதே வகுப்பில் படித்தவள்தான். "எனக்கும் சின்ன வயசுல பை குடுத்தாங்க மேடம். யாருன்னு ஞாபகம் இல்ல. பின்னம் சொல்லிக்குடுத்த அக்காவ இன்னிக்கும் ரோட்டுல பாத்தா நின்னு பேசுவேன்." அந்த அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தடைக்காலத்துக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. தடைக்காலச் சம்பளம் முழுசாக அதில் அடங்கிவிட்டது. பணம் இரண்டு தவணை. முதல் தவணையை எதற்குச் செலவழித்தோம் என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகே இரண்டாவது வந்தது. சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுத்திருந்ததால் கணக்கு காட்டுவது சுலபமாக இருந்தது. ரொக்கமாகக் கொடுக்கிறவர்கள் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எங்கள் பட்ஜெட் தாள் வேண்டும் என்று கேட்கிற யாருக்கும் தருகிறேன். உங்கள் வேலைக்கு ஏற்ப எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், சம்பள வரியை மட்டும் பயந்து அடித்துவிடாதீர்கள்.