உபுண்டு 22.04-லிருந்து 24.04: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மெஷின்களில் எங்கெங்கே சிக்கும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளிலும் டிடிபி கடைகளிலும் ஓடுகிற மெஷின்களில் பல, கோயம்புத்தூரிலிருந்து வந்த பழைய ஆபீஸ் லேப்டாப்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் அதில் அடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஹெச்பி லேசர்ஜெட் 1020 இருக்கும். பேட்டரி பத்து நிமிஷம் நின்றாலே பெரிது. இப்படிப்பட்ட மெஷின்களில் உள்ள உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றியதில் கண்டதையும், ஒவ்வொரு சிக்கலும் ஏன் வருகிறது, எப்படித் தீர்கிறது என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், எந்த மெஷினைத் தொடக்கூடாது என்பது. கேரளப் பள்ளிகளில் இருக்கும் கைட் குனூ/லினக்ஸ் 22.04, உபுண்டு 22.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. பிள்ளைகள் எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வுக்குப் பழகுகிற மெஷின் என்றால் அப்படியே விடுங்கள். 22.04-க்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும், அவசரமே இல்லை. 20.04 வைத்திருப்பவர்கள்தான் அவசரப்பட வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. 20.04-லிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது, நடுவில் 22.04-ல் இறங்கித்தான் ஏற வேண்டும். இரண்டு படி ஏறுவதைவிட ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வது நல்லது என்பது எங்கள் கருத்து. நேரமும் மிச்சம், பழைய குப்பையும் கூட வராது.

அப்கிரேட் பாதியில் நிற்பதற்கு நாங்கள் அதிகம் பார்த்த காரணம் பூட் பார்ட்டிஷன். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து இன்ஸ்டால் செய்த மெஷினில் பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும். பழைய பதிப்புகள் அதற்கு 700 எம்பியை ஒட்டித்தான் ஒதுக்கின. கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி), பூட் ஆகும்போது அதற்குத் துணையாக ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலும் சேர்ந்தால் ஒரு ஜோடி 100 எம்பியைச் சுலபமாகத் தொடும். மூன்று நான்கு பழைய கெர்னல் தங்கிவிட்டால் புதியதற்கு இடமிருக்காது. 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து பூட்டில் குறைந்தது 300 எம்பி காலியா என்று பாருங்கள். இல்லையென்றால் 'சூடோ ஏப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அதற்கும் மசியாவிட்டால் 'யூநேம் -ஆர்' சொல்லும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு, மற்றதை ஏப்ட் பர்ஜ் மூலமாகவே நீக்குங்கள். பூட் ஃபோல்டரில் புகுந்து கையால் அழிக்கவே கூடாது. ஃபைல் போய்விடும், ஆனால் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் பதிவேட்டில் அந்தக் கெர்னல் இருப்பதாகவே இருக்கும். அடுத்த முறை அதைத் தேடிப்போய் எரர் கொடுக்கும்.

அடுத்தது பிபிஏ, அதாவது உபுண்டுவுக்கு வெளியே பிறர் வைத்திருக்கும் பேக்கேஜ் கிடங்கு. வெளி ரெப்பாசிட்டரிகளை அப்கிரேடர் தானாகவே அணைத்துவிடும். ஆனால் அவற்றிலிருந்து ஏற்கெனவே வந்த பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். அவற்றின் பதிப்பு எண் உபுண்டுவின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் கணக்கு இடிக்கும், 'அப்கிரேடைக் கணக்கிட முடியவில்லை' என்று நின்றுவிடும். எந்தப் பேக்கேஜ் என்பது வேர்-லாக்-டிஸ்ட்-அப்கிரேட் ஃபோல்டரில் உள்ள மெயின் லாக்கில் இருக்கும். 'பிபிஏ-பர்ஜ்' கொடுத்தால் அந்தப் பேக்கேஜ் உபுண்டுவின் பதிப்புக்கே திரும்பும், பிறகு தடையில்லை.

அப்கிரேட் இறக்கும் பேக்கேஜ்கள் ஒன்றிலிருந்து இரண்டு ஜிபி வரை வரும். இறக்கம் பாதியில் அறுந்தால் கவலையில்லை, வந்தவரை ஏப்ட் கேஷில் கிடக்கும், மறுபடி தொடங்கினால் மீதிதான் இறங்கும். கரண்ட் போனால் அபாயம் என்பது அதற்குப் பிறகு வரும் நிறுவல் கட்டத்தில்தான். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் எந்த நேரத்தில் லைன் போகும் என்று சொல்ல முடியாது. இன்வர்ட்டர் இருக்கும் பிளக்கில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

'சூடோ ஏப்ட் அப்டேட்', 'சூடோ ஏப்ட் ஃபுல்-அப்கிரேட்' முடித்து ஒருமுறை ரீபூட். பிறகு கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், திரை போனாலும் வேலையைத் தொடரவைக்கும் டிமக்ஸுக்குள் 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' ஓட்டுவது எங்கள் வழக்கம். டெஸ்க்டாப் நடுவில் விழுந்தாலும் வேலை நிற்காது. தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துத் திரைக்குத் தமிழ் எழுத்து வரையத் தெரியாது. கேள்விகள் எல்லாம் கட்டம் கட்டமாக வரும், எதற்கு ஆம் சொல்கிறோம் என்றே தெரியாது. கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல் மதிப்பை 'சி.யூடிஎஃப்-8' என்றும் லேங்குவேஜ் மதிப்பை 'இஎன்' என்றும் வைத்துவிட்டால் எல்லாம் ஆங்கிலத்தில் வரும்.

நடுவில் கான்ஃபிக் ஃபைலை மாற்றவா, பழையதையே வைக்கவா என்று கேட்கும். நீங்கள் கை வைக்காத ஃபைல் என்றால் புதியதை ஏற்கலாம். சாம்பா (ஃபைல் பகிர்வு), கப்ஸ் (பிரிண்டிங்) போன்றவற்றில் மாற்றம் செய்திருந்தால் பழையதை வையுங்கள். புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' அல்லது '.யூசிஎஃப்-டிஸ்ட்' என்ற வால் சேர்ந்து பக்கத்திலேயே கிடக்கும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இனி, கரண்ட் போயேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஃபார்மட் அடிக்கச் சொல்பவர்கள் நிறைய. தேவையில்லை. எந்தப் பேக்கேஜ் பிரிக்கப்பட்டது, எது அமைக்கப்பட்டது, எது பாதியில் நிற்கிறது என்று டிபிகேஜி ஒவ்வொன்றுக்கும் நிலை எழுதி வைத்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர அதனால் முடியும். மெஷினைப் போட்டதும் எஸ்கேப் கீயைத் தட்டி, பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்து, எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனுவுக்கு வாருங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெக்கவரி மோட், அதில் ரூட் ஷெல். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்தால்தான் டிஸ்க்கில் எழுத முடியும். அடுத்து 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அதன்பின் 'ஏப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', கடைசியில் 'ஏப்ட் ஃபுல்-அப்கிரேட்'. முதல் இரண்டையும் மாறி மாறிச் சில முறை கொடுக்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் எரர் பட்டியல் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்து 'அன்நோன்-பிளாக்(0,0)' என்று முடிந்தால் டிஸ்க் போய்விட்டதாகப் பயப்பட வேண்டாம். புதிய கெர்னல் வந்துவிட்டது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும் முன் கரண்ட் போயிருக்கிறது. கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், மேலே சொன்ன டிபிகேஜி கட்டளையை முடித்துவிட்டு, புதிய கெர்னலின் எண்ணைக் கொடுத்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே', பிறகு 'அப்டேட்-கிரப்'. பழைய கெர்னல் ஒன்றை விட்டுவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களுக்கு வேறு சில தடங்கல்கள். ஐஎஸ்ஓ சுமார் 6 ஜிபி, எனவே 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். எழுதும் முன், ஃபைல் பிழையில்லாமல் இறங்கியதா என்று எஸ்ஹெச்ஏ256 தொகையைச் சரிபாருங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் உபுண்டுவைவிட சுபுண்டுவோ லுபுண்டுவோ இலகுவாக ஓடும். இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லையா? பயாஸில் டிஸ்க் 'ரெய்டு ஆன்' என்ற நிலையில் இருக்கலாம், ஆபீஸ் லேப்டாப்களில் இது சகஜம். ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். விண்டோஸும் கூடவே இருக்கிறது என்றால் முதலில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் குறித்துக்கொண்டு, விண்டோஸை சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் எழாது. இரண்டும் இருக்கும் மெஷினில் நேரம் ஐந்தரை மணி தள்ளிக் காட்டுவதும் இயல்பு. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலக நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்கிறது. 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பிராட்காம் வைஃபை கார்டு உள்ள லேப்டாப்பில் இன்ஸ்டால் முடிந்ததும் நெட் இருக்காது. போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டுங்கள், டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். அதன் வழியே டிரைவரை இறக்கலாம். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீலத் திரையில் 'மோக்' மேனேஜ்மென்ட் என்று வந்து பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஒரு கீயைத் தட்டி, என்ரோல் மோக் தேர்ந்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் கெர்னல் அதை ஏற்காது, வைஃபை ஐகானே வராது.

தமிழ் தட்டச்சில் ஒரு நுணுக்கம். கீபோர்டு பட்டியலில் தமிழ்99 என்று இரண்டு வகை வரும், ஒன்று எக்ஸ்கேபி, மற்றது எம்17என். எக்ஸ்கேபி ஒரு கீக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே அறியும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழ்99-ன் தானியங்கிப் புள்ளி (ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது) அதில் வராது. அ, ம, ம, ஆ என்று தட்டிப் பாருங்கள். 'அம்மா' வந்தால் சரி, இல்லையென்றால் தவறான வகையில் இருக்கிறீர்கள். 'ஐபஸ்-எம்17என்' பேக்கேஜை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்பி வந்தால்தான் பட்டியலில் எம்17என் வகை தெரியும். மலையாளத்துக்கான 'மொழி' என்ற பெயருள்ள தட்டச்சு முறையும் அதே பேக்கேஜிலேயே வந்துவிடும். மலையாள எழுத்துருக்களுக்கு 'ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி' நிறுவுங்கள். லதா எழுத்துருவில் விண்டோஸில் செய்த கடிதங்கள் லினக்ஸில் வேறு எழுத்துருவுக்கு மாறி வரி உடையும். வெளியே அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கடைசியாக அந்த 1020 பிரிண்டர். அப்கிரேடுக்குப் பிறகு பட்டியலில் இருக்கும், பிரிண்ட் போனதாகவும் காட்டும், தாள் வராது. இந்தப் பிரிண்டர் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேரைச் சேமித்து வைக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை ஏற்றிவிட வேண்டும். அந்த ஃபெர்ம்வேர், ஹெச்பி பிரிண்டர்களுக்கான லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப்பின் பிளகினில் இருக்கிறது. பிளகினும் ஹெச்பிலிப்பும் ஒரே எண்ணாக இருந்தால்தான் இயங்கும். 22.04-ல் ஹெச்பிலிப் 3.21.12, 24.04-ல் 3.23.12. அப்கிரேட் ஹெச்பிலிப்பை மாற்றும், பிளகினைத் தொடாது. நெட் இருக்கும்போது 'ஹெச்பி-பிளகின் -ஐ' கொடுத்துப் புதிய பிளகினை இறக்கி, பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். உள்ளே உருளை ஒரு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டால் ஃபெர்ம்வேர் ஏறிவிட்டது, டெஸ்ட் பக்கம் கொடுக்கலாம்.