எண்ணூர்ச் சாம்பலில் குவாரிச் சாலை

மதுராந்தகம் பக்கத்துக் கல்குவாரியில் டிப்பர் ஓடும் சாலைக்கு அனல்மின் நிலையச் சாம்பல் சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விற்கிற ஜல்லியைச் சாலையில் கொட்டுவானேன் என்பது முதலாளியின் கணக்கு.

உலர் சாம்பலுக்கு சிமெண்ட் ஆலைகளும் செங்கல் தயாரிப்பவர்களும் போட்டி போடுகிறார்கள். எங்களுக்கு மிஞ்சியது எண்ணூர்ப் பக்கத்துக் குளத்துச் சாம்பல், அதாவது நீரில் குழம்பாகக் கரைத்துக் குழாய் வழியே விட்டுக் குளத்தில் படியவைத்தது. சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை சொல்கிறது. ஆனால் அதை அள்ளிவரப் போனால் மேசைக்கு ஒரு கடிதம் கேட்கிறார்கள்: எங்கே கொட்டுவீர்கள், வண்டிக்குத் தார்ப்பாய் உண்டா, யார் பொறுப்பு?

குளத்தில் எந்த இடத்தில் அள்ளுகிறோம் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். குழம்பு வந்து விழும் குழாயருகே பருமனான துகள்கள் படியும்; மாவு போன்றது தூரத்து ஓரத்துக்குப் போய்விடும். இரண்டையும் தனித்தனிச் சாக்கில் இடம் குறித்துக் கட்டினேன். இந்த விவரம் இல்லாத சோதனை அறிக்கை எதையும் நான் நம்புவதில்லை.

கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் சி.பி.ஆர். சோதனை: இடித்து இறுக்கிய மாதிரியில் ஓர் இரும்புத் தண்டை அழுத்தி, சாலைக்கு அடியில் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது. அச்சில் ஐந்து அடுக்காகப் போட்டு, 4.89 கிலோ சம்மட்டியால் 45 செ.மீ. உயரத்திலிருந்து இடிப்பார்கள். ஊறப்போடாத அச்சில் தண்டு இறங்கவே முரண்டு பிடித்தது. நான்கு நாள் நீரில் கிடந்த அச்சில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. லேசான ஈரம் துகள்களைப் பிடித்துவைக்கும். நீர் நிறைந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். "மழைக்கு நிற்குமா என்றுதானே கேட்டீர்கள், தம்பி? பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆய்வகத்து அண்ணன். ஐப்பசியில் எங்கள் சாலை இருக்கப்போகும் நிலை அது.

சுண்ணாம்பு சேர்த்தோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பிலேயே அதிகம். நமக்குக் கிடைத்த சாம்பலில் குறைவு, ஆகவே வெளியிலிருந்து கொடுத்தே தீரவேண்டும். இறுகவும் நேரமெடுக்கும். பாலித்தீனில் சுற்றி 28 நாள் வைத்த மாதிரிகளை ஊறப்போட்டபோது பருமனான சாம்பல் நன்றாகத் தாங்கியது. மாவுச் சாம்பல் சுமார்தான். சுண்ணாம்பு விலையைக் கேட்டதும் முதலாளியின் முகம் சுருங்கியது.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது: எடைமேடையிலிருந்து கிரஷர் வரையுள்ள சமதளத்தில் மட்டும் கீழ் அடுக்காகச் சாம்பலும் சுண்ணாம்பும், பக்கங்களில் மண் அணைப்பு, மேலே வழக்கமான ஜல்லி. மேலடுக்கில் சாம்பலைப் போட்டால் வெயிலில் பறக்கும், மழையில் அரிக்கும். குழியிலிருந்து ஏறிவரும் சரிவுப் பாதைக்கு வேண்டாம் என்று அறிக்கையில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.