வெற்றிலை டீம் மதுரைக்கு வருகிறது

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

இன்று உறுதியாகிவிட்டது. சோழவந்தானில் இருபத்திரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருக்கும் எங்கள் ஃபுட்பால் டீம் ஜூன் முதல் மதுரைக்கு வருகிறது. புது ஸ்பான்சர் மதுரைக்காரர், டைல்ஸ் வியாபாரி. ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், பயிற்சிக்கு ஒழுங்கான கிரவுண்ட், வெளியூர் டோர்னமென்ட்டுக்கு வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. இதுவரை பையன்களுக்குக் கிடைத்தது மேட்சுக்கு முந்நூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்தான். அதனால் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். பெயர், லோகோ, ஜெர்சி மூன்றும் புதிதாக வேண்டும்.

அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஒன்பது வருடம் அந்த டீமில் லெஃப்ட் பேக் ஆடினேன். இப்போது மதுரையில் ஜெர்சி அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய லோகோவை வரைந்ததும் நான்தான்: ஒரு பச்சை வெற்றிலை, அதன் நரம்புகள் பந்தின் தையல் மாதிரி ஓடும். சோழவந்தான் என்றால் வெற்றிலைதானே. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே எங்கள் ஜெர்சியைக் காட்டிப் பெருமைப்பட்டது.

வேலை முடியும்வரை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன். புதுப் பெயரை முறையாக அறிவிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். அதை மட்டும் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

மதுரைக்குப் பெயர் வைப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். மூன்று நாளில் நாற்பது பெயர் வந்துவிட்டது. பாதி காளை, கால்வாசி பாண்டியன், மீதி மீனும் மல்லிகையும். சிறுத்தை வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் மதுரை டீம் முதலில் சூப்பர் ஜெயன்ட் என்று இருந்து, 2018-இல் பாந்தர்ஸ் ஆகி, அந்த வருடமே கோப்பையும் வாங்கிவிட்டது. அது அவர்கள் பெயர்.

ஸ்பான்சரின் மகன் 'கிழக்கின் ஏதென்ஸ்' என்று மதுரையைச் சொல்வார்களே, அதிலிருந்து ஏதாவது எடுக்கலாமே என்றான். அதைத் தேடப் போய்தான் நாஷ்வில் கதையில் விழுந்தேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத் தலைநகரம். அந்த ஊருக்கும் 'தெற்கின் ஏதென்ஸ்' என்று பெயர். கிரேக்கப் பார்த்தினான் கோயிலை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு டீம் குடிவந்தபோது அந்தக் கிரேக்கத் தொடர்பைப் பிடித்துத்தான் டைட்டன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடை விடுமுறை. நாள் முழுக்க அந்த டைட்டன்ஸ் கதையையே படித்தேன்.

அவர்களுடைய பழைய பெயர் ஹூஸ்டன் ஆயிலர்ஸ். 1960-இல் தொடங்கிய டீம். ஹூஸ்டன் டெக்சஸின் எண்ணெய் நகரம், அதனால் லோகோவில் எண்ணெய்க் கிணற்றின் கோபுரம், இளநீல ஜெர்சி. எங்களுக்கு வெற்றிலை மாதிரி அவர்களுக்கு எண்ணெய். ஸ்டேடியம் விஷயத்தில் நகரத்தோடு ஒத்துவராமல் முதலாளி பட் ஆடம்ஸ் 1997-இல் டீமை டென்னசிக்குக் கொண்டுபோனார். நாஷ்வில் ஸ்டேடியம் கட்டி முடியவில்லை. முதல் வருடம் மெம்ஃபிஸ் நகரத்தில் ஆடினார்கள். எப்படியும் அடுத்த ஊருக்குப் போகிற டீம்தானே என்று மெம்ஃபிஸ் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் எண்ணெய்க்கும் டென்னசிக்கும் சம்பந்தமே இல்லாமல் 'டென்னசி ஆயிலர்ஸ்' என்றே ஆடினார்கள். 1999-இல் புது ஸ்டேடியம், புதுப் பெயர், மாநிலக் கொடியிலுள்ள மூன்று நட்சத்திரங்களை வைத்துப் புது லோகோ. அந்த முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் இறுதிப்போட்டிவரை போய், கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு கெஜம் குறைந்து தோற்றார்கள். பெயர் மாற்றம் என்று பார்த்தால் முழு வெற்றி. இன்று நாஷ்விலில் யாரும் டைட்டன்ஸை வந்தேறி டீம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஹூஸ்டன்? என் மனது அங்கேதான் நிற்கிறது. ஆடம்ஸ் ஆயிலர்ஸ் என்ற பெயரையும் பழைய வெற்றி தோல்விக் கணக்குகளையும் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். ஹூஸ்டனுக்கு 2002-இல் புது டீம் வந்தது, டெக்சன்ஸ். அவர்களால் அந்த ஆயிலர்ஸ் ஜெர்சியைத் தொட முடியாது. எர்ல் கேம்பல் ஹூஸ்டனில் பேர் வாங்கிய ஆட்டக்காரர், டென்னசி டீமுக்காக ஒரு நாளும் ஆடியதில்லை. அவருடைய 34-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வு கொடுத்து மரியாதை செய்திருப்பது டென்னசி டீம். 2023 டிசம்பரில் டைட்டன்ஸ் அந்தப் பழைய ஆயிலர்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். எதிரே ஆடியது யார் தெரியுமா? ஹூஸ்டன் டெக்சன்ஸ். சொந்த ஊர் சட்டையை வேறொருவர் போட்டு வந்து எதிரில் நிற்கிறார். அன்று ஓவர்டைமில் ஜெயித்தது ஹூஸ்டன்தான், 19-16. அந்த ஸ்கோரைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மே 2, வெள்ளி

சோழவந்தான் போனேன். டீமைத் தொடங்கிய சித்தப்பாவிடம் இன்னும் யாரும் முறையாகச் சொல்லவில்லை. கொடிக்காலில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். அகத்தி நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"போகட்டும்டா. புள்ளைக நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பேரு என்னாகும்?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அதே அமெரிக்க ஃபுட்பாலில் பால்டிமோர் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். 1984 மார்ச் மாதம் ஒரு ராத்திரி, கோல்ட்ஸ் டீமின் சாமான்களையெல்லாம் லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அரசாங்கம் டீமைக் கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவரப் போகிறது என்று தெரிந்துதான் அந்த அவசரம். பெயர், நீலம், குதிரை லாட லோகோ எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது டீமுக்கு வாத்தியம் வாசித்த பேண்டு. அவர்களுடைய சீருடைகள் அன்று சலவைக்குப் போயிருந்ததால் தப்பித்தன. டீம் இல்லாமலே, பழைய பெயரிலேயே, ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து 1996-இல் பால்டிமோருக்கு வேறொரு டீம் வரும்வரை.

சித்தப்பா கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கொடிய வெட்டி வேற எடத்துல ஊனுறதுதான் வெத்தலை வெள்ளாமையே. அதுக்காக இருக்குற கொடிக்காலையா அழிப்பாங்க?" என்றார்.

கிளம்பும்போது அரைக் கவுளி வெற்றிலையை வாழை மட்டையில் சுற்றிக் கொடுத்தார். கடையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன்.

மே 8, வியாழன்

நான் எட்டு லோகோ வரைந்தேன். எட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முறைக்கும் காளை, பாயும் மீன்.

இன்று எங்கள் ரிசர்வ் கீப்பர் கடைக்கு வந்தான். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன். ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து நீட்டினான். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரம், நடுவில் பந்து. என்னடா இது என்றேன். "அண்ணே, வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி. நடுவுல கோயிலுக்குப் பதிலா பந்து போட்டா தப்பாண்ணே?" என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மதுரையை மேலேயிருந்து பார்த்தால் இதுதானே! பந்தை மட்டும் நடுவிலிருந்து எடுத்து, சதுரங்களையே பந்தின் தையலாக வளைத்தேன். கோயில் இருக்கும் இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அதை யாரும் தொட வேண்டாம்.

அந்தத் தாளின் கீழே தேதி போட்டு அவனையே கையெழுத்துப் போட வைத்தேன். காரணம் இருக்கிறது. பால்டிமோருக்கு 1996-இல் வந்த டீம் ரேவன்ஸ். அந்த ஊரில் அடக்கமான எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையை வைத்து, ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர். முதல் லோகோ இறக்கை விரித்த கேடயம். செக்யூரிட்டி வேலை பார்த்த ஒருவர், அது தான் ஃபேக்ஸில் அனுப்பிய படம் என்று கோர்ட்டுக்குப் போனார். அவர் படத்திலிருந்து எடுத்ததுதான் என்று நடுவர் குழு ஒத்துக்கொண்டது. டீம் லோகோவை மாற்றியது. ஆனால் நஷ்டஈடு என்று அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். எங்கள் பையனுக்கு அப்படி நடக்கக்கூடாது. என் கூலியில் பாதி அவனுக்கு.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். விடிகாலை ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் நின்றேன். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்க இத்தனை லட்சம் பேர். ஒரு நிறத்துக்கு ஊர் இவ்வளவு அர்த்தம் வைத்திருக்கும்போது ஜெர்சி நிறத்தை நான் கம்ப்யூட்டரில் சும்மா தட்டித் தேர்ந்தெடுக்க முடியாது என்று தோன்றியது.

இதே வைகையில் சோழவந்தானிலும் அழகர் இறங்குவார். சின்ன வயதில் எனக்கு அந்த அழகர்தான் அழகர்.

மே 18, ஞாயிறு

கீப்பர் பாஸ். கணக்கில் 91.

ஜெர்சி முடிந்தது. கத்தரிப்பூவுக்கும் அரக்குக்கும் இடைப்பட்ட நிறத்தில் வெள்ளைச் சுங்குடிப் புள்ளிகள். சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, துணியின் வெள்ளையே புள்ளியாக நிற்கும். சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றும் எங்கள் சப்ளிமேஷன் அச்சிலும் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தை அச்சடிக்காமல் விட வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்பது இத்தனை வருடம் எனக்கு உறைக்கவில்லை. முதல் சாம்பிளில் புள்ளி சிறியதாகிவிட்டது, தூரத்திலிருந்து பார்த்தால் துணி வெளிறித் தெரிந்தது. பெரிதாக்கி, தோளில் நெருக்கமாகவும் இடுப்பில் இடைவெளி விட்டும் வைத்தேன். ஸ்பான்சர் முதலில் "புடவை மாதிரி இருக்கே தம்பி" என்றார். ஒரு பையனுக்குப் போட்டு ஓடவிட்டுக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவரிடம் பழைய பெயரைப் பற்றிப் பேசினேன். பணம் கொடுத்து வாங்கியதில் பெயர், வெற்றிலை லோகோ, ஜெயித்த கோப்பைகள் எல்லாம் சேர்த்தி என்றார். சட்டப்படி அது சரி. நான் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கதையைச் சொன்னேன். 1995-இல் பிரவுன்ஸ் டீமை முதலாளி பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்ததும் கிளீவ்லண்ட் நகரம் விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. ஆட்டக்காரர்கள் போகலாம், பெயர், நிறம், பழைய கணக்கு எல்லாம் ஊரிலேயே இருக்கும். 1999-இல் அதே பெயரில் புது டீம் ஆடியது. அப்படிப் போன ஆட்டக்காரர்கள்தான் ரேவன்ஸ் ஆனார்கள்.

அப்புறம் எங்கள் பக்கத்துக் கதையையும் சொன்னேன். சென்னை சிட்டி டீம் கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டே பெயரை மட்டும் மாற்றவில்லை. 2019 மார்ச் 9 அன்று நான் பஸ் ஏறிப் போய் நேரு ஸ்டேடியத்தில் பார்த்தேன். முதலில் கோல் வாங்கி, பிறகு மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட் கூடுதலாக எடுத்து ஐ-லீக் என்ற தேசிய ஃபுட்பால் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். கோவைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியது சென்னை என்ற பெயரை. அந்த வெற்றி எனக்கு உயிர். ஆனால் அந்த ஊரின் பெயர் சட்டையில் இல்லையே என்று அன்றே உறுத்தியது. அதே வருடம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. 2023-இல் சூப்பர் கப் வாங்கியபோது அது ஒடிஷாவின் கோப்பையாகவே இருந்தது. புது ஊருக்குப் புதுப் பெயர் வைக்கத்தான் வேண்டும் அண்ணே, பழைய பெயரைப் பழைய ஊருக்கு விட்டுவிடுங்கள் என்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "விட்டுக் கொடுத்தா சோழவந்தான்காரங்க நம்ம மேட்ச் பாக்க வருவாங்களா?"

"எடுத்துக்கிட்டா நிச்சயம் வர மாட்டாங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மே 26, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது. நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எட்டு வரி. பழைய பெயர், வெற்றிலை லோகோ, பச்சை நிறம், இருபத்திரண்டு வருடக் கோப்பைகள் சோழவந்தானில் இருக்கும். அங்கே யார் மறுபடி டீம் தொடங்கினாலும் அவர்களுக்கு உரிமை. புது லோகோ வரைந்தவர் என்று கீப்பர் பெயரும் ஒரு வரி.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் ரேஸ் கோர்ஸில் முதல் பயிற்சி. சுங்குடி ஜெர்சியில் பதினெட்டுப் பேர். வெயிலில் அந்த நிறம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

மத்தியானம் பழைய பச்சை ஜெர்சிகளை மூட்டை கட்டி, கோப்பைகளோடு ஆட்டோவில் போட்டுச் சோழவந்தான் போனேன். சித்தப்பா கிரவுண்டில் இருந்தார். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இருபது பேரைக் கூட்டி வைத்திருந்தார். மூட்டையைப் பிரித்ததும் பாய்ந்தார்கள். என்னுடைய பழைய 3-ஆம் எண் ஜெர்சி ஒருவனுக்கு முழங்கால்வரை தொங்கியது. அதை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பந்தை எடுத்து ஓடினான்.

"சின்ன சைஸ்ல எத்தன அடிக்கணும்?" என்று சித்தப்பாவிடம் கேட்டேன். பிள்ளைகளை எண்ணினார். இருபது ஜெர்சி, கீப்பருக்குத் தனியாக இரண்டு. கடைக்கு வந்து அந்தப் பழைய வெற்றிலை ஃபைலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.