மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்தி

1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது அண்ணாவுக்கு மலேரியா. கொட்டிலுக்குக் கொட்டில் காய்ச்சல், மருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. அம்மா ஒரு இரண்டு ரூபாய்க் குத்தியை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளையைத் தந்தால் இலங்கையின் ஐந்து ஈச்சரம் என்னும் பழைய சிவன் கோயில்கள் ஐந்துக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன், கதிர்காம முருகனிடம் இந்தக் காசைப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அன்றைக்கு அந்த ஐந்தில் எதற்குமே எங்களால் போகமுடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்த நகுலேஸ்வரமே இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். மற்றவைக்கு பாஸ், சோதனைச்சாவடி, மூடிய பாதை. அதையெல்லாம் யோசித்தா தாய் நேர்வாள்?

அண்ணா பிழைத்தார், கனடாவுக்குப் போனார். 2009இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திரும்பவும் திறந்தபோது அவருக்கு லீவு இல்லை. லீவு கிடைத்தபோது அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இப்படியே இழுபட்டு, இந்த ஆவணியில்தான் வான் பிடித்துப் புறப்பட்டோம்.

கீரிமலைக் கேணியில் முழுகி நகுலேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, அங்கிருந்து மன்னார். பாலம் 2011இல்தான் திறந்தது. திருக்கேதீச்சரம் இப்போது முழுக்கக் கருங்கல். 2022இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தில் அம்மா பாலாவிக் கரையில் எழும்ப மனமில்லாமல் இருந்தார். முன்னேஸ்வரத்தில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் பாதிப்பேர் சிங்களச் சனம். முன்னால் நின்ற ஒரு அம்மா எங்கள் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, பேசாமல் தன் இடத்தைக் கொடுத்தார். அவருக்கும் அங்கே ஏதோ நேர்த்தி இருந்திருக்கும்.

தெற்கு அதிவேகப் பாதையில் மாத்தறை வரை நித்திரைதான். தொண்டேச்சரத்தில் கும்பிடப் போனால் அந்தப் பழைய கோயில் எங்கே இருக்கிறது? 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டுப் போனது. இப்போது தெவிநுவரவில் இருப்பது விஷ்ணு கோயில். அம்மா அவரைக் கும்பிட்டார், பிறகு கடற்கரைக்குப் போய், கீரிமலையில் போத்தலில் அள்ளி வந்த தண்ணீரையும் கொஞ்ச வில்வத்தையும் கடலில் விட்டார். "அவர் இங்கதான் எங்கயோ இருப்பார்" என்றார். அத்தோடு தொண்டேச்சரமும் கணக்கில் சேர்ந்தது.

கதிர்காமத்தைப் பற்றி முதலில் ஒரு ஆத்திரம். வான் நிற்க முன்னமே கதவைப் பிடித்துக்கொண்டு பூசைத் தட்டு விற்க ஓடி வருகிறார்கள். ஒரு அன்னாசிப்பழம், நாலு வாழைப்பழம், மிச்சமெல்லாம் அலங்காரம். விலை கேட்டால் தலை சுற்றும். வேண்டாம் என்றால் முகம் மாறுகிறது. கும்பிட வந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று அண்ணா வாங்கிவிட்டார். எனக்கு அது இன்னும் பொறுக்கவில்லை.

மாணிக்க கங்கையில் முழுகி, ஈர உடுப்போடு மாலைப் பூசைக்குப் போனோம். சனிக்கிழமைச் சனம், மூச்சு விட இடமில்லை. அங்கே பூசை செய்யும் கப்புறாளை வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு தட்டுகளை வாங்கித் திரைக்கு உள்ளே போனார். மணிச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் வள்ளி தெய்வானையோடு முருகன்; அதற்கு அங்கால் எவருக்கும் காட்சி இல்லை.

அம்மா இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தார். துணி நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது. எத்தனை இடப்பெயர்வு, எத்தனை வியர்வை, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பார்த்தார், அவிழவில்லை. அண்ணா வாங்கிப் பல்லால் கடித்துப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளுகிறார்கள். அம்மா அதைத் திரும்பப் பிடுங்கி, துணியோடு உண்டியலில் போட்டார். பிறகு அண்ணாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, திரையைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்தா அப்பு, கூட்டிக்கொண்டு வந்திட்டன். பிந்திப்போச்சு, குறை நினையாதை."

ஐம்பதைத் தாண்டிய மனிசன், அண்ணா, விம்மி விம்மி அழுதார். நானுந்தான். முருகா, உனக்கு என்ன சொல்வது!

அதற்குப் பிறகு பார்த்தவை எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. லாகுகலைக் காட்டுப் பாதையில் யானை மறித்து நின்றதும், அம்மா பிள்ளையாரே என்று கூப்பிட அது விலகிப் போனதும் உண்மை. திருக்கோவில், மாமாங்கேஸ்வரர் எல்லாம் கும்பிட்டோம். ஐந்தாவது ஈச்சரமான திருகோணமலைக் கோணேசர் மலையில் படி ஏறமாட்டேன் என்ற முழங்கால் எப்படி ஏறியது என்று அம்மாவுக்கே தெரியாது. கோட்டைக்குள் மான்கள் பார்த்துக்கொண்டு நின்றன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். வானில் அதைக் கோது உடைத்துத் தின்றபடியே அம்மா அண்ணாவிடம், "வாற முறை மனுசியையும் பிள்ளையளையும் கொண்டு வா. அவைக்கு நான் வேறையா நேர்ந்து வைச்சிருக்கிறன்" என்றார். எங்கே என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.